மணி சாயக்கூடாது

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வாழும் பெற்றோர் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: மன்னர்களும் மகான்களும் காலமெல்லாம் தேடியும் கிடைக்காத பூரண நீதி, கடைசியில் கிடைத்துவிட்டது. வானகரத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் சாலையில், ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில் அது குடியிருக்கிறது. லிஃப்ட் நிர்வாகத்துக்கு மட்டும் என்பதால், நீதி வேண்டுவோர் படியேறித்தான் போகவேண்டும்.

அந்த நீதியைக் கண்டுபிடித்துப் பராமரித்து வருபவர் முனைவர் கோவிந்தராஜ். 'டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட்' நடத்துகிறார். தமிழில் சொன்னால் முழுத்தர மேலாண்மை. என் மகள் ரோஷினி அவருடைய மாணவி, இறுதியாண்டு. அவளுக்கு அவர் உள்மதிப்பீட்டில் இருபத்தைந்துக்கு ஒன்பது வழங்கினார். 'வழங்கினார்' என்பதைக் கவனிக்கவும். மற்ற பேராசிரியர்கள் மதிப்பெண் போடுவார்கள். இவர் வழங்குவார்.

உள்மதிப்பீடு என்றால் என்னவென்று அறியாத பாக்கியசாலிகளுக்காக ஒரு விளக்கம். முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து தாளைப் பார்த்துப் போடுவது வெளி மதிப்பெண். முகம் தெரிந்த ஒருவர் முகத்தைப் பார்த்துப் போடுவது உள் மதிப்பெண். இரண்டும் சேர்ந்ததுதான் கல்வி.

ஒன்பதைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அடுத்த வாரக் கடைசியில் கல்லூரிக்கு ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அந்தக் கம்பெனியின் நிபந்தனை: எந்தப் பாடத்திலும் உள்மதிப்பெண் பாதிக்குக் கீழே இருக்கக்கூடாது. இருந்தால் நேர்முகத் தேர்வு நடக்கும் அரங்கத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். ஒன்பது என்பது இருபத்தைந்தில் பாதியல்ல என்பதை நான் இரண்டு முறை கணக்குப் போட்டு உறுதி செய்துகொண்டேன்.

ரோஷினி விடைத்தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நானும் என் மனைவி ஹேமாவதியும் அதை எக்ஸ்ரே பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். எல்லாப் பதிலுக்கும் சிவப்பு மையில் டிக். இரண்டாவது பக்கத்தில் 'குட்'. நடுப்பக்கத்தில் 'வெரி குட்'. கடைசிப் பக்கத்தில், உணர்ச்சிவசப்பட்ட நிலையில், 'எக்ஸலென்ட்'. முகப்பில் ஒன்பது.

"இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருந்தா எட்டு போட்டிருப்பார் போல," என்றாள் ஹேமாவதி.

"நீ போய்க் கேட்டியாம்மா?" என்றேன் ரோஷினியிடம்.

"கேட்டேன்ப்பா."

"என்ன சொன்னார்?"

"'அதான் எக்ஸலென்ட்னு எழுதியிருக்கேனே, அப்புறம் மார்க் வேற எதுக்கு'ன்னு கேட்டார்."

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இந்த மாதிரி நெருக்கடிகளுக்கு மாணவர்களிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறதாம். ரோஷினி சொன்னாள். ஆசிரியர் அறைக்கு வெளியே நின்று, சார் வரும்போதும் போகும்போதும் 'குட் மார்னிங் சார்' சொல்லவேண்டும். மத்தியானம் ஆனாலும் 'குட் மார்னிங்'தான். நேரத்தைத் திருத்துவது மரியாதைக் குறைவு. மூன்றாவது நாள் உள்ளே போய் 'சாரி சார்' என்று சொல்லவேண்டும்.

"எதுக்கு சாரி?"

"அது நமக்குத் தெரியாதுப்பா. அவர்தான் சொல்வார்."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். 'பரவாயில்ல'ன்னார்."

"மார்க்?"

"மார்க்குக்குத்தான்ப்பா பரவாயில்லன்னார்."

சனிக்கிழமை ரோஷினியின் தோழி ஜெபா வீட்டுக்கு வந்தாள், நேர்முகத் தேர்வுக்குச் சேர்ந்து படிக்க. ஜெபா மண்ணூர்பேட்டையில் கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறவள். நாங்கள் இருப்பது அத்திப்பட்டில். எங்கள் நிறுத்தத்துக்கு வண்டி வருவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிடும் என்பதால், பக்கத்து இருக்கையில் பையை வைத்து, சண்டை போட்டு, நான்கு வருடமாக ரோஷினிக்கு இடம் பிடித்துக் கொடுத்து வருகிறாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது என்று கேட்பதற்காக இருக்கும். அவளுக்கு அம்மா மட்டும்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறார்.

"அங்கிள், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிச்சோம். ஒரே மாதிரிதான் எழுதியிருக்கோம்," என்றாள் ஜெபா. "எனக்கு இருபத்தியொண்ணு. இவளுக்கு ஒம்போது."

"அது எப்படிம்மா?"

"அவர் மனசு அங்கிள்."

"நான் காலேஜுக்கு வந்து பேசட்டுமா?"

"ஐயோ, வேணாம்ப்பா," என்றாள் ரோஷினி. "ப்ராஜெக்ட் வைவாவுக்கும் அவர்தான் உக்காருவார்."

ஜெபா சற்று நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் திறந்து தன் விடைத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத வேணா வெச்சுக்கங்க அங்கிள். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. பார்த்தாலே புரியும் இல்ல?"

சாட்சியம் கிடைத்துவிட்டது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சாட்சியத்தின் அருமை எனக்குத் தெரியும். உடனே மெயில் எழுத உட்கார்ந்தேன்.

மெயில் என்பது நடுத்தர வர்க்கத்தின் பிரம்மாஸ்திரம். அதன் சக்தி உள்ளே எழுதுவதில் இல்லை. நகல் யார் யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு ஒரு நகல். துறைத்தலைவர் ஷோபனா மேடத்துக்கு ஒன்று. செயலாளருக்கு ஒன்று. வேலைவாய்ப்பு அதிகாரிக்கு ஒன்று. ஒரு கம்பீரத்துக்காக எங்கள் அடுக்ககச் சங்கத் தலைவருக்கும் ஒன்று. இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்துக்குப் பக்கம் படமெடுத்து இணைத்தேன். 'மேற்படி இரு தாள்களுக்கும் இடையே பன்னிரண்டு மதிப்பெண் அளவுக்கு உள்ள வேறுபாடு எதுவென்பதைத் தயைகூர்ந்து தெரியப்படுத்தவும்' என்று முடித்தேன். 'தயைகூர்ந்து' என்ற சொல்லை இவ்வளவு மிரட்டலாக யாரும் எழுதியிருக்க முடியாது என்று ஹேமாவதியிடம் சொன்னேன். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

அனுப்பிய அதே நிமிடத்தில் கல்லூரியின் குறைதீர் தளத்திலிருந்து பதில்கள் வந்தன. 'உங்கள் குறை பெறப்பட்டது.' 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது.' 'எங்கள் சேவையில் நீங்கள் எந்த அளவுக்கு மகிழ்ந்தீர்கள்?' இவ்வளவு வேகமாக ஒரு குறை தீர்ந்து நான் பார்த்ததில்லை. மதிப்பெண் மட்டும் பழையபடி ஒன்பதாகவே இருந்தது. ஆனாலும் அடுக்ககச் சங்கத் தலைவர் பெயரைப் பார்த்துக் கலங்கினார்களோ என்னவோ, திங்கட்கிழமை துறையிலிருந்து தொலைபேசி வந்தது. உள்மதிப்பீட்டுக் குறைகளைப் பெற்றோர் நேரில் வந்துதான் சொல்லவேண்டுமாம். புதன்கிழமை, காலை பதினொரு மணி. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன்.

மூன்றாவது மாடி வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒன்றில் ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். கரையான்சாவடியில் செங்கல், ஜல்லி வியாபாரமாம். பெயர் துலுக்கானம்.

"இன்னா சார், மார்க் மேட்டரா?"

"ஆமாங்க. உங்களுக்கும்?"

"எனுக்கு இன்னாத்துக்கு மார்க்கு? நம்ம பையன் நிர்மலுக்கு. எட்டு போட்டுகிறாரு. ஆர்டிஓவாண்ட எட்டு போட்டா லைசென்ஸாவது குடுப்பான். இங்க எட்டு போட்டா வேலக்கே போவாதன்றாங்கோ."

"மெயில் போட்டீங்களா?"

"மெயிலா? நான் வண்டியவே போட்டுகினு வந்துகீறேன் சார். அங்க பாரு." எழுந்து கைப்பிடிச் சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினார். கல்லூரியின் பிரதான வாசலுக்கு நடுவே ஒரு டிப்பர் லாரி, ஜல்லியோடு, தியானத்தில் இருப்பதுபோல நின்றுகொண்டிருந்தது. இரண்டு கல்லூரிப் பேருந்துகள் அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "டிரைவரு டீ குடிக்கப் போயிகிறான். எப்போ வருவான்னு அவனுக்கே தெரியாது."

துலுக்கானத்தை முதலில் கூப்பிட்டார்கள். நான் என் கோப்பைத் திறந்து வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாதத்துக்கு வருவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார்.

"என்னங்க, முடிஞ்சிடுச்சா?"

"இருபத்தியொன்னு."

"என்ன சொன்னீங்க உள்ள?"

"ஒன்னும் சொல்லல நைனா. 'சார், நம்ம பையன் எந்த பெஞ்சில குந்திகினு எழ்தினான், காட்டு'ன்னேன். 'நீங்க மொதல்ல உக்காருங்க'ன்னாரு. குந்தினேன். போட்டுக் குடுத்தாரு. தங்கமான மன்சன். நீ பயப்படாத போ."

நான் உள்ளே போனேன்.

முனைவர் கோவிந்தராஜைப் பற்றி நான் மனதில் வரைந்து வைத்திருந்த முறுக்குமீசை உருவத்துக்கும் நேரில் இருந்தவருக்கும் சம்பந்தமே இல்லை. மெலிந்த மனிதர். எழுந்து நின்று கைகூப்பினார். நாற்காலியைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். சுவரில், சாமி படம் மாட்டுகிற இடத்தில், ஒரு வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டி, பிளாஸ்டிக் மாலையும் சாத்தியிருந்தார். நடுவில் புடைத்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஒரு கோடு. பார்ப்பதற்குக் கோயில் மணி மாதிரி.

"இது என்னன்னு தெரியுதா சார்?"

"மணி வளைவு. எங்க கம்பெனியிலயும் உண்டு சார். வால்வையெல்லாம் அளந்து பார்த்துட்டு வரைவோம்."

"அளந்துட்டா வரைவீங்க?"

"ஆமா."

"அளந்து பார்த்து, வளைவு சரியா வரலன்னா?"

"மெஷின்ல கோளாறுன்னு மெஷினைப் பார்ப்போம்."

அவர் என்னை ஆழ்ந்த இரக்கத்தோடு பார்த்தார். "அது ரொம்பப் பழைய முறை சார். இங்க வளைவுதான் முதல்ல. மார்க்கு அப்புறம்."

ஆடிட் வருகிற வாரத்தில் மட்டும் எங்கள் கம்பெனியும் இந்தப் புதிய முறையைத்தான் பின்பற்றுகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

"மூணு வருஷம் முன்னாடி தரச்சான்று கமிட்டி வந்தாங்க," என்று அவர் தொடர்ந்தார். "என் மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு ஒருத்தர் கேட்டார், 'எல்லாருக்கும் இருபத்திமூணு, இருபத்திநாலு. இது வகுப்பா, ஜெராக்ஸ் கடையா?' அத்தனை பேர் முன்னாடி சார். தர மேலாண்மை நடத்தறவன் கிட்டயே தரம் இல்லைன்னுட்டாங்க. அன்னிக்கு இந்தப் படத்தை மாட்டினேன்."

"பேப்பரைத் திருத்துவீங்க இல்லையா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு வரி விடமாட்டேன். இந்தத் தடவை எல்லாப் பிள்ளைங்களும் பிரமாதமா எழுதியிருந்தாங்க. அதான் பிரச்சனை. அத்தனை பேரும் நடுவுல ஏறி உக்காந்துட்டா விளிம்புக்கு யார் போறது? விளிம்பு இல்லாத மணி மணியா சார்? அது டிபன் கேரியர்."

நான் ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "விளிம்புக்கு யாரை அனுப்பறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"அதுலதான் சார் மனிதாபிமானம் இருக்கு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "குறைஞ்ச மார்க்கை எல்லாராலயும் தாங்க முடியாது. சில பிள்ளைங்க அழுதுடும். சில பேரோட அப்பா லாரி கொண்டாந்து நிறுத்திடுவார். அதனால மனசு நோகாம வாங்கிக்கற குடும்பமா பார்த்துத்தான் குடுக்கறது. பெற்றோர் கூட்டத்துக்கு நீங்க வரல."

"அன்னிக்கு எங்க கம்பெனில ஆடிட் சார்."

"அது எனக்குத் தெரியாது இல்லையா? வராதவங்க அமைதியானவங்கன்னு நெனச்சுட்டேன். உங்க பொண்ணும் வாயே திறக்காது. அப்புறம் பார்த்தா அத்தனை பேருக்கு நகல் போட்டு மெயில் வருது." எழுந்து நின்றார். "உங்களை நான் தப்பா எடை போட்டுட்டேன். மன்னிக்கணும்."

இருபத்திரண்டு வருடமாக வேலை செய்யும் கம்பெனியில்கூட என்னிடம் யாரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோனேன்.

"அப்ப என் பொண்ணு மார்க்கை..."

"அதுலதான் ஒரு சிக்கல்." உட்கார்ந்துவிட்டார். "இப்பதான் அந்த நிர்மல் எட்டுலேர்ந்து எந்திரிச்சுப் போனான். அந்த இடம் காலி. ஒன்பதுல இருக்கற உங்க பொண்ணை ஒரு படி இறக்கி அங்க வெச்சா மணி அழகா உக்காந்துடும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க கதவைத் தட்டிட்டீங்க."

வெள்ளிக்கிழமை நேர்முகம். வாதங்களையெல்லாம் மறந்து, கோப்பிலிருந்து இரண்டு விடைத்தாள்களையும் எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"பாருங்க சார். இது என் பொண்ணோடது. இது ஜெபாவோடது. வரிக்கு வரி ஒண்ணு. இதுக்கு இருபத்தியொண்ணு, அதுக்கு ஒன்பதுன்னா நியாயமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. நடுவில் ஒரு தடவை 'பேஷ்' என்றுகூடச் சொன்னார்.

"ஒண்ணுதான் சார். துளி வித்தியாசம் இல்ல. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி." தலையை நிமிர்த்தினார். "இந்த ஜெபா எந்தப் பொண்ணு? மூணாவது பெஞ்சா?"

"எனக்குத் தெரியாதுங்க. ரொம்ப அமைதியான பொண்ணு."

"அப்படியா," என்றார். பெற்றோர் கூட்டத்து வருகைத் தாளை எடுத்து, விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்தப் பேப்பர் ரெண்டும் இங்கயே இருக்கட்டும் சார். உங்க பொண்ணுக்கு இருபத்திரெண்டாவே போட்டுடறேன். நீங்க சந்தோஷமா போகணும். ஒருத்தர் மேல ஏறினா ஒருத்தர் கீழ இறங்கணும், அவ்வளவுதான். மணி சாயக்கூடாது."

யார் இறங்குவது என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் ஷோபனா மேடம் டீயோடும் ஒரு தாளோடும் உள்ளே வந்தார். தாளில் 'என் குறை எனக்கு முழுத் திருப்தி அளிக்கும் வகையில் தீர்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. கீழே ஐந்து நட்சத்திரங்கள், பேனாவால் நிரப்புவதற்கு.

"அஞ்சையும் நிரப்பிடுங்க சார்," என்றார் ஷோபனா மேடம். "நாலு போட்டா மீட்டிங் போடச் சொல்வாங்க."

நிரப்பினேன். டீ நன்றாக இருந்தது. கேட்க நினைத்த கேள்வி டீயோடு உள்ளே போய்விட்டது. எப்படியும் அது கல்லூரியின் உள்விவகாரம். வெளியாள் மூக்கை நுழைப்பது நாகரிகம் அல்ல.

கீழே வந்தபோது டிப்பர் லாரி போய்விட்டிருந்தது. துலுக்கானம் வாசலில் நின்று எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னா, குட்த்தாரா?"

"இருபத்திரெண்டு."

"என் பையன வுட ஒன்னு ஜாஸ்தியா?" என்று முகம் சுருங்கினார். பிறகு சமாதானமாகி, "படிச்ச மன்சன் நீ. பேனாலயே லாரி ஓட்டிகிற," என்று என் முதுகில் தட்டினார். அதைவிடச் சிறந்த பாராட்டு என் மெயிலுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம் ஹேமாவதி கேசரி கிளறினாள். ரோஷினி வழக்கமான நேரத்துக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே நின்றாள்.

"திருத்தின லிஸ்ட் போர்டுல ஒட்டிட்டாங்க."

"இருபத்திரெண்டுதானே?"

"ஆமா. நிர்மலுக்கு இருபத்தியொண்ணு. எட்டு, ஹாஸ்டல் பையன் ஒருத்தனுக்கு. அவன் ஊரு தர்மபுரிப் பக்கம்." பையின் வாரை இறுக்கினாள். "ஜெபாவுக்கு ஒம்போது."

அடுப்பில் கரண்டி நின்றது.

"அவ என்ன சொன்னா?" என்று ஹேமாவதிதான் கேட்டாள்.

"'உனக்காவது வந்துச்சே'ன்னா. பஸ்ல எனக்கு இடம் போட்டுத்தான் வெச்சிருந்தா. நான்தான் பின்னாடி போய் நின்னுக்கிட்டு வந்தேன்."

"அவங்க அம்மாவை வரச்சொல்லும்மா. நேர்ல வந்தா உடனே மாத்திடுவார். தங்கமான மனுஷன்," என்றேன்.

"எப்படிப்பா வருவாங்க? தையல் கம்பெனிக்குள்ள போகும்போதே போனை வாங்கி வெச்சுடுவாங்க. ஷிப்மென்ட் நேரம், லீவே கிடையாது. நீங்க போடுங்கப்பா ஜெபாவுக்காக ஒரு மெயில். நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"பெற்றோர்தான் போடணும்னு விதி இருக்கேம்மா."

"அவ பேப்பர் உங்க கிட்ட இருந்துதானேப்பா அங்க போச்சு?"

"அதான், நீதி வாங்கப் போறீங்களே, பெரிய பையா எடுத்துக்கிட்டுப் போகக்கூடாதா?" என்றாள் ஹேமாவதி. "ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கலாம்."

பெண்களுக்குப் புள்ளியியல் புரிவதில்லை என்று நான் முணுமுணுத்தேன். நன்றாகக் காதில் விழுந்தது என்பதைக் கேசரியின் அளவில் தெரிந்துகொண்டேன். எனக்கோ புள்ளியியல் நன்றாகவே புரிந்திருந்தது. ஜெபா மேலே ஏறினால் யாராவது ஒருவர் கீழே இறங்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கோவிந்தராஜ் யாரைத் தேடுவார்? அவர் மேசையில் இரண்டே இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வரிக்கு வரி ஒன்று. துளி வித்தியாசம் இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். மின்கட்டணம் கட்டிவிட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை நேர்முகம் நடந்தது. ரோஷினிக்கு வேலை கிடைத்தது. அடுக்ககம் முழுக்க இனிப்புக் கொடுத்தோம். அடுக்ககச் சங்கத் தலைவர் தன் பெயருக்கு நகல் போட்டதால்தான் காரியம் நடந்தது என்று நம்புகிறார். நானும் மறுக்கவில்லை. ரோஷினி இப்போது கல்லூரிப் பேருந்தில் போவதில்லை. வானகரம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள். ஏனென்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் சுதந்திரத்தில் தலையிடக்கூடாது.

அடுத்த மாதம் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கௌரவம் வந்தது. 'தங்களது மின்னஞ்சலில் வெளிப்பட்ட தரச் சிந்தனையைப் பாராட்டி' என்னை உள்மதிப்பீட்டுக் குறைதீர் குழுவின் பெற்றோர் பிரதிநிதியாக நியமித்திருந்தார்கள். முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி. குளிரூட்டிய அறை, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில், வெங்காய சமோசா. தலைமை ஷோபனா மேடம். ஒருங்கிணைப்பாளர் முனைவர் கோவிந்தராஜ்.

கோவிந்தராஜ் புதிய மணி வளைவைத் திரையில் காட்டினார். என்ன ஒரு வடிவம்! இரண்டு பக்கமும் ஒன்றைப்போல் ஒன்று சரிந்து இறங்கியது. தரச்சான்று கமிட்டி வந்து பார்த்துவிட்டு 'இப்படி ஒரு மணியைத் தமிழ்நாட்டிலேயே பார்த்ததில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். எல்லோரும் கைதட்டினோம். விதிமுறைகளை ஷோபனா மேடம் வாசித்தார். குழுவின் உறுப்பினர் யார் வேண்டுமானாலும், எந்த மாணவர் சார்பாகவும், தாமாகவே ஒரு குறையை எழுப்பலாம் என்று ஆறாவது விதி சொல்கிறது. மிகவும் முற்போக்கான விதி என்று நான் பாராட்டிப் பேசினேன்.

"யாராவது ஏதாவது எழுப்பணுமா?" என்று ஷோபனா மேடம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

கோவிந்தராஜ் சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். 'வந்த புகார்கள்: இல்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். பெற்றோர் பிரதிநிதி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜெபாவுக்கு இன்னும் ஒன்பதுதான்.